தரகர் இல்லாத கோப்பு

நியாயம் என்ற சொல்லை இன்னும் கூச்சமின்றி உச்சரிப்பவர்களே, உங்கள் வேலையைச் சற்று நிறுத்திவிட்டு வாருங்கள். உங்களை ஓர் அநீதிக்குச் சாட்சியாக அழைக்கிறேன். இதில் கத்தியில்லை, இரத்தமில்லை, ஓலமில்லை. காலைத் தேநீருக்கும் மதிய உணவுக்கும் இடைப்பட்ட அமைதியான நேரத்தில், மின்விசிறிக்குக் கீழே, முத்திரையோடும் புன்னகையோடும் நடந்த அநீதி இது. எனவே எந்தக் காவல் நிலையமும் இதை எழுதிக்கொள்ளாது. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

குற்றவாளியின் பெயர் ஏசுதாஸ். அவர் செய்த குற்றம், தன்னுடைய காரைத் தானே விற்றது.

ஏசுதாஸ் மாமல்லபுரத்துக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு விடுதியில் மின்பணியாளர். விருந்தினரின் குளியலறையில் வெந்நீர் நின்றாலும், கல்யாண மேடையில் விளக்கு அணைந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருடைய தந்தை பிறர் வயலில் ஆயுள் முழுவதும் கூலி வேலை பார்த்தவர். மேலத்தெரு வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தவர். அந்த வீட்டின் மகன் கூடுதல் வேலை பார்த்துச் சேர்த்து, சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கார் வாங்கினார். மேலத்தெரு வழியாகவே அதை ஓட்டிக்கொண்டு வந்தார். இறங்கவில்லை.

அவர் மனைவி ஜெசிந்தா, பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையலர். சிறு வயதில் வந்துபோன காய்ச்சல் ஒன்று அவருடைய இதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கி வைத்துவிட்டுப் போயிருந்தது. அது இப்போதுதான் கணக்குத் தீர்க்கத் தொடங்கியது. படியேறினால் மூச்சு இரைத்தது. பிறகு படுத்தாலே இரைத்தது. வால்வை மாற்றியாக வேண்டும், தள்ளிப்போட முடியாது என்றார்கள் மருத்துவர்கள். இலவச மருத்துவ அட்டை இருந்தால் நாள் குறித்துவிடலாம் என்றும் சொன்னார்கள்.

அட்டை வழங்கும் அலுவலகத்தில் கலைவாணன் என்ற அதிகாரி கணினியைப் பார்த்தார். பிறகு ஏசுதாஸைப் பார்த்தார். இரண்டுக்கும் பொருத்தமில்லை என்பதுபோல் மறுபடி கணினியைப் பார்த்தார்.

"உங்க பேர்ல கார் இருக்கே."

"இருக்குது சார். பழைய வண்டி."

"பழசோ புதுசோ, கார் உங்க பேர்ல இருக்கிற வரைக்கும் நீங்க ஏழை இல்ல. பேர் போன மறுநாளே நீங்க ஏழை. வாங்க, சந்தோஷமா அட்டை போட்டுத் தர்றோம்."

அரசின் கருணைக்கு இவ்வளவு துல்லியமான கதவு இருக்கும் என்று ஏசுதாஸுக்கு அதுவரை தெரியாது. அன்று மாலையே காரைக் கழுவி, நாற்புறமும் படமெடுத்து, கைப்பேசியில் விற்பனைக்குப் போட்டார்.

அச்சரப்பாக்கத்துக்கு அருகேயுள்ள ஓர் ஊரிலிருந்து பார்த்திபன் வந்தார். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். காரைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தார்.

"ஏசி வேல செய்யுதா அண்ணாத்த?"

"செய்யும். ஆனா ஒடனே குளுராது. திருக்கழுக்குன்றம் தாண்டணும். அத்த மறச்சு விக்க மாட்டேன்."

"பின்கதவுல இது இன்னா, இம்மா நீளக் கோடு? போட்டோல இல்லியே."

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஜெசிந்தா பதில் சொன்னார். "போட்டோ எடுக்கும்போது நான் அதும் முன்னால நின்னுகினு இருந்தேன். அதான் தெரியல."

பார்த்திபனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னும் எங்கெங்க நின்னுகினு இருந்தீங்கன்னு சொல்லிடுங்கக்கா. அதையும் பாத்துக்கறேன்."

"மீதி எல்லாம் அவரு நின்னாரு. அங்க ஒண்ணும் இல்ல."

விலை பேசி முடிந்தது. தேநீர் குடித்தார்கள். கையெழுத்திட்டார்கள். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் நடுவில் வேறு ஆளே இல்லை. இருவரும் அதைப் பெருமையாக நினைத்தார்கள். அதுதான் குற்றம் என்பதை அவர்களுக்குச் சொல்ல ஓர் அலுவலகம் காத்திருந்தது.

அதன் பெயர் பாலாற்றுக்கரை வட்டார வாகனப் பெயர்மாற்ற அலுவலகம். அதன் வாயிலில் ஆள் உயரத்துக்கு ஓர் அறிவிப்புப் பலகை உண்டு: 'இடைத்தரகர்களை அணுகாதீர்கள். நேரடியாக எங்களிடம் வாருங்கள்.' அதன் அடியில், சற்றே சிறிய எழுத்தில்: 'உபயம்: காசிநாதன் வாகன ஆலோசனை மையம்.' பக்கத்தில் கைப்பேசி எண். பலகையின் நிழலில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் காசிநாதன்.

"இன்னா நைனா, யார் ஆளு நீ?" என்று கேட்டார் அவர்.

"யார் ஆளும் இல்லீங்க. நானே வந்துகீறேன்."

காசிநாதன் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "நானேன்னு ஒரு புரோக்கரு இந்த ஆபீஸ்ல இல்லியேப்பா. புதுசா வந்தவரா?"

"பலகையில நேரா வரச்சொல்லிதான் எழுதிகீது."

"அது நான் எழுதனது. படிக்கறதுக்கு எழுதனேன். நீ இன்னாடான்னா செய்ய வந்துட்ட."

ஏசுதாஸ் பலகையைத் தாண்டி உள்ளே நடந்தார். இணையத்தில் விண்ணப்பித்து, விண்ணப்பித்ததை அச்செடுத்து, அச்செடுத்ததைக் கையால் மறுபடி நிரப்பி, ஓர் அட்டைக்குள் கட்டி எடுத்து வந்திருந்தார். முகப்பில் இருந்த எழுத்தர் காயத்ரி எல்லாவற்றையும் சரிபார்த்தார். எதிலும் குறையில்லை. குறையில்லாத கோப்பைக் கண்டதும் அவருக்குக் கலக்கம் உண்டாயிற்று.

"மேலே பேர் இல்லையே சார்."

"எம்பேரு உள்ள கீதுங்க மேடம்."

"உங்க பேர் இல்ல. ஏஜெண்டு பேர்."

அவர் பின்னால் கையைக் காட்டினார். சுவர் முழுவதும் அலமாரி. ஒவ்வொரு தட்டிலும் ஒரு பெயர் அழகாக எழுதி ஒட்டப்பட்டிருந்தது: காசிநாதன், காசிநாதன் தம்பி, காசிநாதன் மச்சான், இன்னும் சிலர். அந்த அலுவலகத்தில் கோப்புகள் வண்டி எண்ணின்படி அடுக்கப்படவில்லை, தேதியின்படியும் இல்லை. எந்தத் தரகர் கொண்டுவந்தாரோ அந்தத் தரகரின் தட்டில் குடியேறின. தட்டிலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து கையெழுத்துக்கு, கையெழுத்திலிருந்து தபாலுக்கு என்று அவற்றுக்கு ஒரு வாழ்க்கை இருந்தது. தரகர் இல்லாத கோப்புக்கு எந்தத் தட்டும் இல்லை.

காயத்ரி கெட்டவர் அல்லர். "எங்க வைக்கிறதுன்னு தெரியாம வாங்கிட்டா தொலைஞ்சிடும் சார். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்றார் மெய்யான வருத்தத்தோடு. நெடுநேர யோசனைக்குப் பிறகு கோப்பை ஜன்னல் விளிம்பில் வைத்தார். காற்றில் பறக்காமலிருக்க அதன் மேல் தன் தண்ணீர்க் குப்பியையும் வைத்தார். அரசு அலுவலகத்தில் ஒரு குடிமகனுக்குக் கிடைக்கக்கூடிய உச்சபட்சப் பரிவு அது.

ஏசுதாஸ் மறுவாரம் வந்தார். கோப்பு ஜன்னலில் இருந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தார். அப்போதும் ஜன்னலில்தான் இருந்தது. வெயில் பட்டு அட்டை வெளுத்திருந்தது.

"இன்னும் எத்தினி நாளு பென்டிங்கு மேடம்?"

"பென்டிங் இல்லையே சார். பென்டிங்னா அலமாரியில இருக்கணும். எங்ககிட்ட பென்டிங்கே கிடையாது. மேலிடத்துல பாராட்டிக் கடிதம்கூட வந்திருக்கு."

வீட்டில் ஜெசிந்தா படுத்துத் தூங்குவதை விட்டுவிட்டார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண் மூடினார். மருத்துவமனையிலிருந்து அழைத்து, ஒரு நாளைச் சொல்லி, அதற்குள் அட்டையோடு வந்தால் அறுவைச் சிகிச்சை உண்டு, வராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு என்றார்கள்.

ஏசுதாஸ் நான்காம் முறை போனபோது அலுவலகம் தோரணம் கட்டியிருந்தது. நேர்மை விழிப்புணர்வு வாரம். வேலை கிடையாது, விழா மட்டும். முன்வரிசையில் காசிநாதன், அவர் தம்பி, அவர் மச்சான். பின்னால் வரிசையில் நின்றிருந்த பொதுமக்கள் கைதட்டுவதற்காக நிறுத்திவைக்கப்பட்டார்கள். அலுவலகத் தலைவர் ராகவன் ஒலிபெருக்கியின் முன் வந்து நின்றார். அவர் ஆற்றிய உரையை ஓர் எழுத்தும் மாற்றாமல் இங்கே தருகிறேன். என் கற்பனை இதைவிடச் சிறப்பாகச் செய்துவிட முடியாது.

"அன்பார்ந்த பொதுமக்களே. இந்த அலுவலகத்தில் இடைத்தரகர் என்று ஒருவரும் இல்லை. இங்கே முன்வரிசையில் இருப்பவர்கள் தரகர்கள் அல்லர், நம் குடும்பத்தினர். இந்தத் தோரணம், இந்த ஒலிபெருக்கி, நீங்கள் சற்று நேரத்தில் அருந்தப்போகிற எலுமிச்சைச் சாறு, அனைத்தும் அவர்கள் அன்பளிப்பு. இவர்கள் இல்லாவிட்டால் நேர்மை வாரத்தைக் கொண்டாட இந்த அலுவலகத்துக்கு வழியே இல்லை. சிலர் நேரடியாக வருகிறார்கள். வரட்டும். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அறிமுகம் இல்லாத மனிதரை எப்படி நம்புவது? ஒரு தரகரைக்கூடப் பிடிக்க முடியாதவர், கார் எப்படிப் பிடித்தார்? இந்தக் கேள்வியை ஒரு பொறுப்புள்ள அதிகாரி கேட்டாக வேண்டும். கேட்கிறேன். நேர்மை வாழ்க."

காசிநாதனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். உறுதிமொழியை அவரே வாசித்தார். ஏசுதாஸும் வலது கையை நீட்டி அதைத் திருப்பிச் சொன்னார். சொல்லாவிட்டால் கோப்புக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்.

விழா முடிந்ததும் அவர் ராகவனின் வழியை மறித்து நின்றார். அதுவரை அவர் யாருடைய வழியையும் மறித்தவர் அல்லர்.

"சார், எம் பொண்டாட்டிக்கு நெஞ்சுல ஆபரேஷன் சார். வண்டி எம்பேர்ல கீற வரைக்கும் அட்டை குடுக்க மாட்டேன்றாங்க. அந்த ஜன்னல்ல கீறத எடுத்து ஒரு கையெழுத்து போடுங்க சார்."

ராகவன் மனிதர்தான். பொன்னாடையின் மகிழ்ச்சி இன்னும் முகத்தில் இருந்தது. "சரி. நாளைக்கு ரெண்டு பார்ட்டியும் நேர்ல வாங்க. நானே பாத்து முடிச்சுத் தர்றேன்," என்றார்.

மறுநாள் பார்த்திபன் கடையைச் சாத்திவிட்டு, வெள்ளைச் சட்டை அணிந்து வந்தார். ஏசுதாஸ் பணிக்குப் போகும் வழியில் வந்ததால் விடுதியின் நீலச் சீருடையில் இருந்தார். ராகவனின் மேசை முன்னால் ஒரே ஒரு நாற்காலி இருந்தது.

"உட்காருங்க சார்," என்று பார்த்திபனிடம் சொன்னார் ராகவன். ஏசுதாஸிடம், "நீ அப்படி ஓரமா நில்லுப்பா," என்றார். பிறகு கோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், உள்ளே பிரிக்கவில்லை. "பாருங்க சார், வழக்கமா மேல பென்சில்ல எழுதியிருக்கும், விக்கறவர் இவர், வாங்கறவர் இவர்னு. ஏஜெண்டுதான் எழுதுவாங்க. நாங்க உள்ள பிரிச்சுப் படிச்சுக்கிட்டிருக்க முடியாது. இதுல எழுதல. பரவால்ல. நேர்ல பாத்துத் தீர்மானிக்க எனக்கு அதிகாரம் இருக்கு." அவர் இருவரையும் ஒரு முறை பார்த்தார். அந்த ஒரு பார்வை அவருக்குப் போதுமானதாக இருந்தது. "ஏன் சார் வண்டிய விக்கறீங்க? நல்ல வண்டியாச்சே."

"நான் விக்கல சார்," என்றார் பார்த்திபன். "வாங்கறேன். வண்டி அவருது."

ராகவன் சிரித்தார். "எந்த ஊரு சார் நீங்க?"

பார்த்திபன் ஊரைச் சொன்னார்.

"அதான பாத்தேன். அந்தப் பக்கத்துக் குடும்பங்களே அப்படித்தான். செஞ்ச உதவிய வெளிய சொல்லிக்க மாட்டாங்க. வேலைக்காரருக்குப் பழைய வண்டியக் குடுத்துத் தூக்கி விடறீங்க. அவர் மனசு நோகக் கூடாதுன்னு வாங்கறேன்னு சொல்றீங்க. சார், உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா இந்த நாட்டுல சாதியே இருக்காது."

பார்த்திபன் எழுந்துவிட்டார். "சார், நீங்க பேசறது நல்லா இல்ல. அவரு எங்கிட்ட வேல செய்யல. அவரு வண்டிக்காரரு. ஆர்.சி. புக்ல பாருங்க சார். பேரு போட்டுகீது."

"உட்காருங்க சார். படபடப்பு வேணாம்."

ஓரத்தில் நின்றிருந்த ஏசுதாஸ் ஓர் அடி முன்னே வந்தார். "சார், வண்டி என்னுது."

"உன்னுதுதாம்பா," என்றார் ராகவன் கனிவோடு. "இனிமே உன்னுதுதான். வாழ்த்துக்கள். நல்லா வச்சுக்க."

ஏசுதாஸிடம் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு, கோப்பின் மேல் அவர் எழுதினார்: 'இரு தரப்பினரையும் நேரில் கண்டேன். விற்பவர் இன்னார், வாங்குபவர் இன்னார் என்பதில் ஐயமில்லை. வாங்குபவர் ஏசுதாஸ் பெயருக்கு மாற்றலாம்.' கையெழுத்திட்டார். முத்திரையிட்டார். காயத்ரியை அழைத்து உடனே கணினியில் ஏற்றச் சொன்னார். காயத்ரிக்கு ஏதோ இடறியது. திரையையும் கோப்பையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனால் ஐயமில்லை என்று மேலதிகாரி எழுதியபின் ஐயப்படுவது ஒழுங்குமீறல். வாங்குபவர் என்ற இடத்தில் ஏசுதாஸ் என்று தட்டினார். விற்பவர் பெயரைக் கணினி தன் பழைய பதிவிலிருந்து தானே எடுத்து நிரப்பிக்கொண்டது. அதுவும் ஏசுதாஸ்தான். கணினி மறுக்கவில்லை. ஒரு மனிதன் தன் காரைத் தனக்கே விற்பான் என்று அதை உருவாக்கியவர்கள் எதிர்பார்க்கவில்லை. ஆகவே தடுக்கவும் இல்லை.

சான்று தபாலில் வந்தது. உரிமையாளர்: ஏசுதாஸ். முந்தைய உரிமையாளர்: ஏசுதாஸ். பெயர்மாற்றம்: நிறைவடைந்தது.

ஜெசிந்தா அதை வாங்கிப் படித்தார்.

"அப்போ நம்ம வண்டிய நாமளே வாங்கிகினோமா?"

"ஆமா."

"யாராண்டருந்து?"

"நம்மளாண்டருந்துதான்."

"கொறச்சுக் கேட்டிருக்கலாம்ல. பின்கதவுல அம்மாம் நீளக் கோடு போட்டுகீது."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலானது, இருமல் இரைப்பானது, இரைப்பு நிற்கவில்லை. ஏசுதாஸ் அவரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, முதுகைத் தடவியபடி, "சிரிக்காத. வேணாம், சிரிக்காத," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு கணவன் தன் மனைவியிடம் கேட்கக்கூடாத வேண்டுகோள் அது. அதைக் கேட்க வைத்தது ஒரு முத்திரை.

அட்டை அலுவலகத்தில் கலைவாணன் கணினியைப் பார்த்துப் புருவம் உயர்த்தினார். "போன தடவ பழைய கார் வச்சிருந்தீங்க. இப்ப இந்த வருஷம் புதுசா ஒரு கார் வாங்கியிருக்கீங்க. வசதி ஏறிட்டுதான் போகுது. எங்ககிட்ட எதுக்கு வர்றீங்க?"

"அது அதே வண்டிதான் சார்."

"அப்படின்னு இங்க போட்டிருக்கலையே."

ஏசுதாஸும் பார்த்திபனும் மறுபடி ராகவனிடம் போனார்கள். இம்முறை அவர் கோப்பைப் பிரித்தார். படித்தார். மறுபடி முதல் பக்கத்துக்குத் திருப்பினார். தவறு தெரிந்துவிட்டது என்று ஏசுதாஸ் நினைத்தார். தெரியத்தான் செய்தது.

"இதத் தப்புன்னு எழுதினா ஆபீஸ் தப்பு பண்ணதா ஆயிடும்," என்றார் ராகவன். "பாராட்டுக் கடிதம் வாங்கின ஆபீஸ் இது. அதனால நடந்தது நடந்ததுதான். உன் பேருக்கு முறைப்படி மாறிடுச்சு. இனிமே நீ இவருக்கு வித்துக்க. தாராளமா வித்துக்கலாம். புதுசா மனு போடு."

"ஆபரேஷன் தேதி தாண்டிப் பூடும் சார்."

"அது எங்க துறை இல்லையேப்பா."

இங்கே, தோழர்களே, நான் பெருமையோடு சொல்ல விரும்பியிருப்பேன்: ஏசுதாஸ் அப்போதும் தலைநிமிர்ந்து நடந்தார், தரகரை ஏறிட்டும் பார்க்கவில்லை என்று. பொய் சொல்ல மாட்டேன். அவர் நேராகப் பலகையின் நிழலுக்குப் போய்க் காசிநாதனின் மேசை முன் நின்றார். கொள்கையைவிட மனைவியின் மூச்சு பெரியது. அதில் அவருக்கு வெட்கமில்லை, வெட்கம் நமக்குத்தான்.

"நீங்களே முடிச்சுக் குடுங்க. இன்னா கேட்டாலும் தர்றேன்."

காசிநாதன் கோப்பைக் கையில் வாங்கவில்லை. பொன்னாடை மடித்து மேசை மேல் இருந்தது, அதை நகர்த்திவைத்தார். "முடியாது நைனா. எங்க சங்கத்துல பேசிட்டோம். நேரா உள்ள போனவன் கோப்ப எவனும் தொடக் கூடாது. ஒருத்தனுக்கு முடிச்சுக் குடுத்தா, நாளைக்கு எல்லாரும் மொதல்ல நேரா போய்ப் பாத்துட்டு அப்பால எங்ககிட்ட வருவான். எங்களுக்கும் மரியாத இருக்குதுல்ல."

"யோவ், அந்தக்கா அங்க உக்காந்துகினே தூங்குதுய்யா," என்றார் பார்த்திபன்.

"நான் இன்னா பண்றது தம்பி. ரூல்ஸ் அப்பிடி," என்றார் காசிநாதன். மெய்யாகவே அவர் முகம் வாடியிருந்தது.

பார்த்திபன் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை; அது அறுவைச் சிகிச்சைச் செலவின் ஓரத்தைக்கூடத் தொடாது. தார்ப்பாய் மூடி, கார் அவருடைய கடை வாசலில் நிற்கிறது. புதிய மனு ஜன்னலில் இருக்கிறது. மருத்துவமனை சொன்ன நாள் வந்தது, போனது. அந்தக் கட்டில் வேறொருவருக்குத் தரப்பட்டது. அவர் பிழைத்திருப்பார் என்று நம்புவோம். இன்னொரு நாள் தர முயல்வதாக மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். முடிந்தவரை சீக்கிரம் வாருங்கள் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதை அவர்கள் ஏசுதாஸிடம் சொன்னார்கள். சொல்ல வேண்டிய இடம் வேறு.

சாட்சிகளே, இதுவரை கேட்டீர்கள். உச்சுக் கொட்டினீர்கள். உங்களில் சிலர் ராகவனைத் திட்டிக்கொண்டே நாளைக் காலை ஒரு காசிநாதனிடம் உங்கள் கோப்பைக் கொடுக்கப் போகிறீர்கள். நேரம் மிச்சம் என்பீர்கள். நீங்கள் மிச்சம் பிடிக்கும் அந்த நேரம் எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். நேராக வந்து நிற்கிறவனின் வாழ்நாளிலிருந்து அறுத்து எடுத்து உங்களுக்குத் தரப்படுகிறது. ஒருவனைப் பார்த்த மாத்திரத்தில், இவன் உடைமைக்காரனா ஊழியக்காரனா என்று தீர்மானிக்கும் அந்தக் கண், ராகவனின் முகத்தில் மட்டும் இல்லை. நம் கண்ணாடியிலும் பார்க்க வேண்டும்.

பார்த்தபின் அங்கேயே நின்றுவிடாதீர்கள். ஏசுதாஸ் வரும் திங்கட்கிழமை மறுபடி அந்த அலுவலகத்துக்குப் போகிறார். காலைப் பேருந்தில் போகிறார். தனியாகப் போகிறார். அவரைத் தனியாகப் போக விடாதீர்கள். கூட வாருங்கள்; கூட வர முடியாதவர்கள் உங்கள் ஊர் அலுவலகத்துக்குப் போய், அங்கே தனியாக நிற்கிற ஒருவரின் பக்கத்தில் நில்லுங்கள். அவர் கோப்பைப் பிரித்துப் படிக்கும்வரை நகராதீர்கள். படிக்கச் சொல்லி உரக்கக் கேளுங்கள். ஜெசிந்தா சுவரில் சாய்ந்து, உட்கார்ந்தபடி, அடுத்த மூச்சுக்குக் காத்திருக்கிறார். நீங்கள் எழுந்து வாருங்கள்.